சோப் சேவைக்கு கிளையன்ட் கோடு உருவாக மறுக்கிறதா? எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

வங்கி, காப்பீடு, விமான டிக்கெட், வரித்துறை என்று பழைய மென்பொருள்கள் ஓடும் இடங்களில் சோப் (SOAP) சேவைகள், அதாவது எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசிக்கொள்ளும் வலைச் சேவைகள், இன்னும் ஓய்வு பெறவில்லை. சேவையை நடத்தும் எதிர்த்தரப்பு ஒரு டபிள்யூஎஸ்டிஎல் (WSDL, சேவை என்ன கேட்கும், என்ன தரும் என்று விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஆவணம்) முகவரியைக் கையில் கொடுத்து, “இதை வைத்து கிளையன்ட் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடும். அந்த ஆவணத்திலிருந்து சேவையை அழைக்கும் கோடை எழுதித் தரும் ஜெனரேட்டர் கட்டளையை ஓட்டினால் திரை முழுக்க எர்ரர். புதிதாக வருபவர்கள் உடனே ஜெனரேட்டரின் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். அதில் நேரம்தான் போகும். கோளாறு அநேகமாக மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: ஆவணம் முழுதாக வந்து சேரவில்லை, ஆவணத்தில் இருப்பதை உங்கள் கருவி ஏற்காது, அல்லது கருவியின் பதிப்பும் உங்கள் ஜாவா பதிப்பும் ஒத்துப்போகவில்லை. எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கட்டுரை ஜாவாவை மையமாக வைத்தது: டபிள்யூஎஸ்இம்போர்ட் (wsimport), அப்பாச்சி சிஎக்ஸ்எஃப்-இன் (CXF) டபிள்யூஎஸ்டிஎல்டுஜாவா (wsdl2java) ஆகிய இரண்டு ஜெனரேட்டர்களும். டாட்நெட்காரர்களுக்கும் சில இடங்களில் குறிப்பு உண்டு.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

உங்கள் டபிள்யூஎஸ்டிஎல்-ஐத் தொடுவதற்கு முன், ஒழுங்காக எழுதப்பட்ட வேறொன்றைக் கருவிக்குக் கொடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் வைஸ் (VIES) சேவை இதற்கு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வாட் பதிவு எண் சரியா என்று சொல்லும் பொதுச் சேவை அது. ஆவணம் சிறியது, கருவிகள் ஏற்கும் டாக்குமென்ட்-லிட்டரல் பாணியில் எழுதப்பட்டது, பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. அதற்கு கோடு உருவானால் கருவி நலம், குறை உங்கள் ஆவணத்தில். அதற்கே உருவாகவில்லை என்றால் உங்கள் ஆவணத்தைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. ஜாவா பதிப்பையும் நெட்வொர்க்கையும் பாருங்கள்.

ஜாவா பதிப்பில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். டபிள்யூஎஸ்இம்போர்ட் ஜாவா 6 முதல் ஜேடிகே-யோடு சேர்ந்தே வந்தது. ஜாவா 9-இல் நீக்கப்போவதாக அறிவித்தார்கள். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் எடுத்தே விட்டார்கள். ஆகவே “கமாண்ட் நாட் ஃபவுண்ட்” என்று வந்தால் பாத் அமைப்பைத் தோண்ட வேண்டாம், அந்தக் கட்டளையே அங்கே இல்லை. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (JAX-WS, ஜாவாவின் சோப் தரநிலை) மேவன் பிளக்இன் அல்லது சிஎக்ஸ்எஃப்-இன் கோடுஜென் பிளக்இன், இரண்டில் ஒன்றை மேவன் பில்ட் கருவியின் பாம் (pom.xml) கோப்பில் சேர்ப்பதுதான் இன்றைய வழி.

சேர்க்கும்போது இன்னொரு முடிச்சு. 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் (ஜாவாவின் நிறுவன மென்பொருள் தரநிலைத் தொகுப்பு) ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன. சிஎக்ஸ்எஃப் 3 வரிசையும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் பிளக்இன் 2.3 வரிசையும் பழைய பெயரில் கோடு எழுதும். சிஎக்ஸ்எஃப் 4-உம் பிளக்இன் 3, 4 வரிசைகளும் புதிய பெயரில் எழுதும். ஸ்பிரிங் பூட் 2-இல் இருந்தால் பழையது, 3-க்கு வந்துவிட்டால் புதியது. சிஎக்ஸ்எஃப் 4-க்கு ஜாவா 17 தேவை. கலந்துவிட்டால் என்ன ஆகும்? அதிர்ஷ்டம் இருந்தால், ‘ஜாவாஎக்ஸ் ஜேடபிள்யூஎஸ்’ பேக்கேஜ் இல்லை என்று கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும். இல்லாவிட்டால் இரண்டு லைப்ரரிகளும் கிளாஸ்பாத்தில் கிடக்க, கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது புதிய ஜாக்ஸ்-பி (JAXB, எக்ஸ்எம்எல்-ஐயும் ஜாவா கிளாஸையும் இணைக்கும் லைப்ரரி) பழைய அனோட்டேஷன்களைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எர்ரர் வேறெங்கோ வெடிக்கும், காரணம் பிடிபடாது. டிபென்டென்சி ட்ரீயை எடுத்து, இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆவணத்தை முழுதாக வட்டில் இறக்குங்கள்

எதிர்த்தரப்பின் முகவரியிலிருந்து நேரடியாக கோடு உருவாக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது. கர்ல் கட்டளையால் டபிள்யூஎஸ்டிஎல்-ஐக் கோப்பாக இறக்கி, முதல் சில வரிகளைக் கண்ணால் பாருங்கள். எக்ஸ்எம்எல்லின்ட் (xmllint) கருவியில் நோஅவுட் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் எக்ஸ்எம்எல் வடிவம் சரியா என்பதும் தெரிந்துவிடும்.

வந்தது டபிள்யூஎஸ்டிஎல்தானா என்பதே முதல் கேள்வி. ‘மெட்டா’ டேக் மூடப்படவில்லை, ‘லிங்க்’ டேக் மூடப்படவில்லை என்று பார்சர் புலம்பினால், உங்கள் கையில் இருப்பது எச்டிஎம்எல்: லாகின் பக்கம், ஃபயர்வாலின் தடைப் பக்கம், அல்லது சேவையின் அறிமுகப் பக்கம். முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் டபிள்யூஎஸ்டிஎல் என்ற சொல்லும் விடுபட்டிருந்தாலும் இதுதான் நடக்கும். “கன்டென்ட் இஸ் நாட் அலவ்டு இன் புரோலாக்” என்று வந்தால் எக்ஸ்எம்எல் தொடங்குவதற்கு முன் ஏதோ எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆவணத்தின் தலைவரிக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாலே வேறொரு எர்ரர் வரும்: எக்ஸ்எம்எல் என்ற பெயரில் பிராசஸிங் இன்ஸ்ட்ரக்ஷன் கூடாது என்று சொல்லும். எடிட்டரில் திறந்து முதல் எழுத்துக்கு முன் இருப்பதை அழித்தால் தீர்ந்தது.

கர்ல் இறக்குகிறது, ஜாவா மட்டும் டைம்அவுட் ஆகிறது என்றால் பிராக்ஸியைச் சந்தேகியுங்கள். எச்டிடிபி_பிராக்ஸி என்ற சூழல் மாறியை கர்ல் படிக்கும், ஜாவா படிக்காது. ஜாவாவுக்கு பிராக்ஸி ஹோஸ்ட், போர்ட் இரண்டையும் சிஸ்டம் பிராப்பர்ட்டியாகத் தனியே தர வேண்டும். எச்டிடிபி-க்கு ஒரு ஜோடி, எச்டிடிபிஎஸ்-க்கு ஒரு ஜோடி. டபிள்யூஎஸ்இம்போர்ட்டுக்கு எச்டிடிபிபிராக்ஸி என்ற சொந்த ஆப்ஷனும் உண்டு. “பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு” என்றால் சேவையின் சான்றிதழை உங்கள் ஜேடிகே நம்பவில்லை. கோப்பு வட்டில் இருந்தால் கோடு உருவாக்க இது தடையில்லை. ஆனால் சேவையை அழைக்கும் நாளில் அதே எர்ரர் திரும்ப வரும், எனவே ஜாவாவின் கீடூல் கட்டளையால் அந்தச் சான்றிதழை டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சான்றிதழ்களின் கோப்பு) சேர்க்கும் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது இணைப்புக் கோப்புகள். டபிள்யூஎஸ்டிஎல் தனியாக வருவது குறைவு. உள்ளே எக்ஸ்எஸ்டி ஸ்கீமா கோப்புகளை (தரவின் வடிவத்தை விவரிப்பவை) இம்போர்ட் செய்யும், அவை வேறு ஸ்கீமாக்களை இழுக்கும். அந்த இம்போர்ட் வரிகளில் இருக்கும் ஹோஸ்ட் பெயரைக் கவனியுங்கள். சேவை ஒரு லோட் பேலன்சருக்குப் பின்னால் இருந்தால், அங்கே அவர்களுடைய உள் சர்வர் பெயர் எழுதப்பட்டிருக்கும். உங்கள் இடத்திலிருந்து அது எட்டாது. ‘அன்னோன் ஹோஸ்ட்’ என்று நிற்கும். ஒவ்வொரு ஸ்கீமாவையும் வெளிமுகவரி வழியாக இறக்கி, இம்போர்ட் வரியில் அதன் கோப்புப் பெயரை மட்டும் எழுதுங்கள். கையால் செய்வது அலுப்பு என்றால் சோப் சேவைகளைச் சோதிக்கும் சோப்யூஐ (SoapUI) கருவியில் இறக்குமதி செய்து ‘எக்ஸ்போர்ட் டெஃபினிஷன்’ கொடுங்கள். டபிள்யூஎஸ்டிஎல்-உம் ஸ்கீமாக்களும் ஒரே ஃபோல்டரில் விழும். எதிர்த்தரப்பு டபிள்யூசிஎஃப்-இல் (டாட்நெட்டின் சேவைக் கட்டமைப்பு) எழுதியது, டாட்நெட் 4.5 அல்லது அதற்கு மேல் என்றால் வேலை இன்னும் சுலபம். முகவரியின் கடைசியில் டபிள்யூஎஸ்டிஎல்-க்குப் பதில் ‘சிங்கிள்டபிள்யூஎஸ்டிஎல்’ என்று போட்டால் எல்லாம் ஒரே கோப்பாக வந்துவிடும்.

ஜாவா 8-இல் மட்டும் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. எல்லா ஸ்கீமாவும் பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் “ஃபைல் ஆக்சஸ் இஸ் நாட் அலவ்டு” என்று சொல்லி ‘ஆக்சஸ்எக்ஸ்டர்னல்ஸ்கீமா’ என்ற பிராப்பர்ட்டியைக் குறிப்பிடும். இது பாதுகாப்புக்காக வைத்த பூட்டு. அந்தப் பிராப்பர்ட்டியின் மதிப்பை ‘ஆல்’ என்று வைத்தால் திறக்கும். மேவன் வழியாக ஓட்டினால் மேவன்_ஆப்ட்ஸ் மாறியில் சேருங்கள்.

முதல் எர்ரரை மட்டும் படியுங்கள்

ஸ்கீமாவில் ஒரு டைப் கிடைக்காவிட்டால் அதை நம்பிய மெசேஜ் விழும், மெசேஜை நம்பிய போர்ட்டைப் (ஆபரேஷன்களின் பட்டியல்) விழும், பிறகு பைண்டிங் (அவற்றை அனுப்பும் முறை), பிறகு போர்ட் (அழைக்கும் முகவரி). எர்ரர் பத்து இருக்கலாம், நோய் ஒன்றுதான். டாட்நெட்டின் எஸ்விசியூட்டில் (svcutil) என்ற ஜெனரேட்டர் இதில் மிகவும் பேசும்: போர்ட்டைப்பை இம்போர்ட் செய்ய முடியவில்லை, அதை நம்பிய பைண்டிங்கை முடியவில்லை, அதை நம்பிய போர்ட்டை முடியவில்லை என்று அடுக்கும். கடைசி வரியைத் தேடுபொறியில் போட்டால் உதவாத பதில்கள்தான் கிடைக்கும். மேலே போய் முதலில் விழுந்ததைப் பிடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டாம் கருத்து ஒன்று கேட்டு வைப்பது நல்லது. பைத்தானின் ஜீப் (zeep) லைப்ரரியை மாட்யூலாக ஓட்டி உங்கள் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொடுத்தால், அது கண்ட டைப்புகளையும் ஆபரேஷன்களையும் பட்டியலிடும். ஜீப்பும் அதே இடத்தில் தடுக்கினால் ஆவணத்தில் குறை என்று எதிர்த்தரப்பிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆர்பிசி-என்கோடட்: இதற்கு ஆப்ஷன் கிடையாது

ஆவணத்தில் ‘யூஸ்’ என்ற ஆட்ரிபியூட்டைத் தேடுங்கள். ‘லிட்டரல்’ என்றிருந்தால் நல்லது. ‘என்கோடட்’ என்றிருந்தால், கூடவே ‘சோப்என்க்: அர்ரே’ என்று தென்பட்டால், அது ஆர்பிசி-என்கோடட் (RPC-encoded) என்ற பழைய பாணி. டபிள்யூஎஸ்-ஐ (WS-I) என்ற அமைப்பின் பேசிக் புரொஃபைல் விதித்தொகுப்பு விலக்கிய பாணி இது, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஆதரிக்காது. டபிள்யூஎஸ்இம்போர்ட் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடும். எந்த ஆப்ஷனைப் போட்டாலும் மாறாது.

வழிகள் மூன்று. எதிர்த்தரப்பிடம் லிட்டரல் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சிலரிடம் இருக்கும், சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது, 2006-இல் வந்த அப்பாச்சி ஆக்சிஸ் 1.4. இது கோடு உருவாக்கும்தான். ஆனால் பராமரிப்பு நின்றுபோன, பாதுகாப்பு ஓட்டைகள் அறியப்பட்ட லைப்ரரியைப் புது புராஜெக்ட்டில் நுழைப்பது சரியல்ல. மூன்றாவது, கோடு உருவாக்கத்தையே விட்டுவிடுவது. சோப்யூஐ காட்டும் மாதிரி ரிக்வெஸ்ட்டை எடுத்து, மதிப்புகளை மட்டும் நிரப்பி, எஸ்ஏஏஜே (SAAJ, சோப் செய்தியை நேரடியாகக் கட்டி அனுப்பும் ஜாவா லைப்ரரி) அல்லது சாதாரண எச்டிடிபி கிளையன்ட் வழியாக அனுப்பலாம். ஒன்றிரண்டு ஆபரேஷன்தான் தேவை என்றால் மூன்றாவதே மேல். முப்பது ஆபரேஷன் என்றால் கணக்கு வேறு. அப்போது ஆக்சிஸை ஒரு தனிச் சிறு சேவைக்குள் அடைத்து வைக்கலாம்.

டேட்டாசெட் திருப்பும் டாட்நெட் சேவைகள்

டாட்நெட்டின் பழைய ஏஎஸ்எம்எக்ஸ் (ASMX) சேவைகளில் இது சகஜம். எர்ரர் ‘எஸ்: ஸ்கீமா’ என்ற எலிமென்ட் அறிவிக்கப்படவில்லை என்று சொல்லும். டேட்டாசெட்டை (டாட்நெட்டின் அட்டவணைத் தொகுப்பு) திருப்பும் மெத்தட் தன் பதிலின் வடிவத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. “முதலில் ஒரு ஸ்கீமா வரும், பிறகு ஏதோ ஒன்று வரும்” என்று மட்டும் எழுதி வைக்கும். அந்த ‘ஸ்கீமா’ எலிமென்ட்டை எங்கே தேடுவது என்று ஜாக்ஸ்-பி-க்குத் தெரியாது.

டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் சொந்த எக்ஸ்எஸ்டி-யை பைண்டிங் கோப்பாக (கோடை எப்படி எழுத வேண்டும் என்று ஜெனரேட்டருக்குச் சொல்லும் கூடுதல் கோப்பு) கொடுப்பது ஒரு தீர்வு. அதோடு பெயர் மோதல்களைத் தவிர்க்க இன்னொரு பைண்டிங் கோப்பும் தேவைப்படும். ஸ்கீமா மொழியின் உறுப்புகளுக்கெல்லாம் கிளாஸ் உருவாகிக் குப்பை சேரும். இதைவிடச் சுருக்கமான வழி, வட்டில் இறக்கிய பிரதியைத் திருத்துவது. ஸ்கீமாவைச் சுட்டும் எலிமென்ட் வரியையும் அதன் கீழுள்ள ‘எனி’ வரியையும் நீக்கிவிட்டு, ஒரே ‘எனி’ வரி எழுதுங்கள்: மின்அக்கர்ஸ் 2, மேக்ஸ்அக்கர்ஸ் 2, பிராசஸ்கன்டென்ட்ஸ் ‘லேக்ஸ்’. இரண்டு எலிமென்ட் வரும், எதுவானாலும் வாங்கிக்கொள் என்று அர்த்தம். உருவாகும் கிளாஸில் ஆப்ஜெக்ட் லிஸ்ட் ஒன்று கிடைக்கும். முதலாவது ஸ்கீமா, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில்தான் தரவு, டாம் எலிமென்ட்டாக (எக்ஸ்எம்எல் மரத்தின் நோடாக) இருக்கும். அதை நீங்களே நோடு நோடாகப் படிக்க வேண்டும். கம்பிமேல் போகும் செய்தி மாறவில்லை என்பதால் எதிர்த்தரப்புக்கு இந்தத் திருத்தம் தெரியவே தெரியாது.

பெயர் மோதல்கள்

ஆவணம் முழுதாக வந்து, பாணியும் சரி என்றால் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான். “டூ டிக்ளரேஷன்ஸ் காஸ் எ கொலிஷன் இன் தி ஆப்ஜெக்ட்ஃபேக்டரி கிளாஸ்” என்ற வரியைப் பார்க்காமல் சோப் வேலையில் யாரும் தப்பியதில்லை. ஆப்ஜெக்ட்ஃபேக்டரி என்பது உருவானவற்றுக்கெல்லாம் ‘கிரியேட்’ மெத்தட்களை வைத்திருக்கும் கிளாஸ்.

முதலில் உங்கள் சொந்தக் கட்டளையைப் பாருங்கள். பேக்கேஜ் ஆப்ஷனில் ஒரே ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா? ஆவணத்தில் நான்கு நேம்ஸ்பேஸ் (பெயர்களைப் பிரித்து வைக்கும் தொகுதி) இருந்து, இரண்டில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற டைப் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் திணித்ததுதான் மோதலுக்குக் காரணம். அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்; ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனிப் பேக்கேஜ் உருவாகி மோதல் மறையும். பேக்கேஜ் பெயர்கள் அழகாக வேண்டும் என்றால் சிஎக்ஸ்எஃப்-இல் நேம்ஸ்பேஸ் ஒன்றுக்கு ஒரு பேக்கேஜ் என்று அதே ஆப்ஷனைப் பலமுறை தரலாம்.

ஒரே நேம்ஸ்பேஸுக்குள்ளேயே மோதினால், ஜாக்ஸ்-பி பெயர்களை ஜாவா வழக்கத்துக்கு மாற்றுவதைக் கவனியுங்கள். ‘கெட்_ஸ்டேட்டஸ்’, ‘கெட்ஸ்டேட்டஸ்’ இரண்டிலும் அடிக்கோடு போய், முதலெழுத்து பெரிதாகி, ஒரே கிளாஸ் பெயர் ஆகிவிடும். ஆப்ஜெக்ட்ஃபேக்டரி மோதலுக்கு இன்னொரு நுணுக்கமான காரணம்: ‘ஆர்டர்’ டைப்புக்குள் ‘ஸ்டேட்டஸ்’ எலிமென்ட் நில்லபிள் (காலியாக வரலாம்) ஆகவும் விருப்பமானதாகவும் (வராமலே இருக்கலாம்) இருந்தால் ‘கிரியேட்ஆர்டர்ஸ்டேட்டஸ்’ என்ற மெத்தட் உருவாகும். வெளியே ‘ஆர்டர்ஸ்டேட்டஸ்’ என்றே ஒரு எலிமென்ட் இருந்தால் அதற்கும் அதே மெத்தட். தொடர்பே இல்லாத இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும்.

‘ஆட்டோநேம்ரெசொல்யூஷன்’ என்ற ஆப்ஷன் பின்னால் ஒரு எண்ணை ஒட்டி மோதலைத் தீர்க்கும். முயன்று பார்க்க நல்லது, நிரந்தரமாக வைக்க நல்லதல்ல. ‘ஸ்டேட்டஸ்2’ எதைக் குறிக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எதிர்த்தரப்பு புது டைப் ஒன்றைச் சேர்த்தால் எண்கள் இடம் மாறவும் கூடும். பைண்டிங் கோப்பில் நீங்களே பெயர் வைப்பதே சரி.

“பிராப்பர்ட்டி வேல்யூ இஸ் ஆல்ரெடி டிஃபைன்டு” என்பது இதன் தம்பி. உரையும் ஆட்ரிபியூட்டும் சேர்ந்த எலிமென்ட்டில், உரைக்கு ஜாக்ஸ்-பி ‘வேல்யூ’ என்று பெயர் வைக்கும். ஆட்ரிபியூட்டின் பெயரும் ‘வேல்யூ’ என்றால் மோதல். ஆட்ரிபியூட்டுக்கு வேறு பிராப்பர்ட்டி பெயர் கொடுங்கள்.

பைண்டிங் கோப்பு எழுதும்போது வரும் எர்ரர்கள் மூன்றுதான். எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்-க்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பாதை) காலி நோடைத் தருகிறது என்றால் பாதை தவறு. டபிள்யூஎஸ்டிஎல்-க்குள்ளேயே ஸ்கீமா இருந்தால் பாதை ‘டெஃபினிஷன்ஸ்’-இல் தொடங்கி ‘டைப்ஸ்’ வழியாக ஸ்கீமாவுக்கு வர வேண்டும். ஸ்கீமாவிலிருந்தே தொடங்குவதுதான் வழக்கமான பிழை. டார்கெட் நோடுகள் அதிகம் என்றால் ஒன்றுக்கு மேல் பொருந்துகிறது. டார்கெட்நேம்ஸ்பேஸைச் சொல்லிக் குறுக்குங்கள். “நாட் எ பார்ட் ஆஃப் திஸ் கம்பைலேஷன்” என்றால் பைண்டிங்கில் எழுதிய கோப்பு முகவரியும் கருவி படித்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. கருவி எந்த முகவரியை எதிர்பார்க்கிறது என்று அந்த எர்ரரே பக்கத்தில் சொல்லும், அதைப் படியுங்கள்.

உருவாகிவிட்டது, ஆனால் விசித்திரமாக இருக்கிறது

வைஸ் சேவைக்கே திரும்பினால் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ‘செக்வாட்’ மெத்தட் ‘வாய்டு’ என்று உருவாகும். நாட்டுக் குறியீடு, வாட் எண், தேதி, செல்லுமா, பெயர், முகவரி என்று ஆறு ‘ஹோல்டர்’ (திரும்பி வரும் மதிப்பைத் தாங்கும் உறை) பாராமீட்டர்கள் நிற்கும். பதில் எங்கே என்று புதியவர் குழம்புவார். ரிக்வெஸ்ட்டிலும் ரெஸ்பான்ஸிலும் நாட்டுக் குறியீடும் எண்ணும் ஒரே பெயரில் இருப்பதால், கருவி அவற்றை உள்ளே போய் வெளியே வரும் பாராமீட்டர்களாக எடுத்துக்கொண்டுவிட்டது. பைண்டிங் கோப்பில் ‘எனேபிள்ராப்பர்ஸ்டைல்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால், ஒரு ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட் கொடுத்து ஒரு ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட் வாங்கும் சாதாரண மெத்தட் கிடைக்கும். அப்போது பெயரும் முகவரியும் ‘ஜாக்ஸ்பிஎலிமென்ட்’ உறைக்குள் வரும். அவை நில்லபிள், விருப்பமானவை என்பதால், ‘வரவில்லை’, ‘காலியாக வந்தது’ இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்த உறை. அந்த வேறுபாடு உங்களுக்குத் தேவையில்லை என்றால் குளோபல் பைண்டிங்கில் ‘ஜெனரேட்எலிமென்ட்பிராப்பர்ட்டி’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

லிஸ்ட் ஃபீல்டுக்கு செட்டர் இல்லையே என்பது அடிக்கடி வரும் கேள்வி. அது குறையல்ல, கெட்டரை அழைத்து, கிடைக்கும் லிஸ்டில் நேரடியாகச் சேர்க்க வேண்டும். டாட்நெட்டில் இதற்கு இணையான பொறி ஒன்று உண்டு: எக்ஸ்எம்எல்சீரியலைசர் வழியாக உருவான கிளாஸில், விருப்பமான எண் ஃபீல்டுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ‘ஸ்பெசிஃபைடு’ ஒட்டிய ஒரு பூலியன் இருக்கும். அதை ‘ட்ரூ’ ஆக்காவிட்டால், நீங்கள் வைத்த எண் ரிக்வெஸ்ட்டில் போகவே போகாது. எர்ரரும் வராது.

உங்கள் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் விழுகிறது என்றால் உருவான சர்வீஸ் கிளாஸைத் திறந்து பாருங்கள். டபிள்யூஎஸ்டிஎல் இருந்த இடம், உங்கள் சி டிரைவின் முழுப் பாதை, அதில் அப்படியே பதிந்திருக்கும். கோப்புகளை ரிசோர்சஸ் ஃபோல்டரில் வைத்து, சிஎக்ஸ்எஃப் என்றால் டபிள்யூஎஸ்டிஎல்லொகேஷன் ஆப்ஷனில் கிளாஸ்பாத் என்று தொடங்கும் முகவரியைக் கொடுங்கள். இம்போர்ட் ஆகும் எக்ஸ்எஸ்டி கோப்புகளும் ஜாருக்குள் போக வேண்டும், அவற்றை மறப்பவர்கள் அதிகம். அழைக்க வேண்டிய முகவரியை ‘பைண்டிங்புரொவைடர்’ வழியாக என்ட்பாயின்ட் பிராப்பர்ட்டியில் தனியே வையுங்கள். டெஸ்ட், புரொடக்ஷன் இரண்டுக்கும் ஒரே கோடு போதும்.

முதல் அழைப்பிலேயே எச்டிடிபி 415 எர்ரர் (அனுப்பிய செய்தி வகையை சர்வர் ஏற்கவில்லை) வந்தால் சோப் பதிப்பு மாறியிருக்கிறது. 1.1 ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்றும் 1.2 ‘அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்’ என்றும் தலைப்பில் எழுதும். ஏஎஸ்எம்எக்ஸ் சேவைகளில் இரண்டுக்கும் தனித்தனி போர்ட் இருக்கும், ‘சோப்12’ என்று முடியும் கெட்டரை மாற்றி அழைத்துப் பாருங்கள். வேறு எந்தக் கோளாறானாலும் போகும் எக்ஸ்எம்எல்-ஐ லாகில் கொட்டச் செய்யுங்கள். சிஎக்ஸ்எஃப்-இல் ‘லாகிங்ஃபீச்சர்’ இருக்கிறது. அதையும் சோப்யூஐ-இல் வெற்றி பெற்ற ரிக்வெஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேம்ஸ்பேஸோ விடுபட்ட எலிமென்ட்டோ கண்ணில் படும்.

கடைசியாக வேலை ஒழுங்கு. டபிள்யூஎஸ்டிஎல், எக்ஸ்எஸ்டி, பைண்டிங் கோப்புகளை கிட்-இல் ஏற்றுங்கள். நீங்கள் திருத்திய பிரதிக்குப் பக்கத்தில் மூலப் பிரதியும் இருக்கட்டும். உருவான கோடு டார்கெட் ஃபோல்டரிலேயே இருக்கட்டும், அதைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த பில்டில் திருத்தம் காணாமல் போகும். எதிர்த்தரப்பு “சின்ன மாற்றம்தான்” என்று புது ஆவணம் அனுப்பினால், ஓட்டுவதற்கு முன் பழைய மூலத்தோடு டிஃப் எடுத்துப் பாருங்கள். மின்அக்கர்ஸ் 0 என்பது 1 ஆகி, ஒரு ஃபீல்டு கட்டாயமாகியிருந்தால் கோடு உருவாகும், கம்பைலும் ஆகும். அந்த ஃபீல்டை நிரப்பாத உங்கள் ரிக்வெஸ்ட் மட்டும் அவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்படும்.